நீர்த்துறையில் இயந்திரப் பொறியாளருக்கு என்ன வேலை?

எஸ்பிளனேட் பூங்காவில் உள்ள டான் கிம் செங் நீரூற்றைப் பலரும் பார்த்திருப்போம். நகர மக்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று 1857ல் 13,000 வெள்ளி நன்கொடை கொடுத்த வணிகரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. இன்று மெக்ரிட்சி என்று நாம் அழைக்கும் நீர்த்தேக்கம் 1868ல் கட்டி முடிக்கப்பட்டது. டான் கிம் செங் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

நீர்த்தேக்கம் தயாராகியும் நகரத்துக்குத் தண்ணீர் வரவில்லை. பம்புகளும் விநியோகக் குழாய்களும் தயாராக மேலும் ஏறத்தாழ 10 ஆண்டுகள் பிடித்தன. அதுவரை மக்கள் கிணற்றையும் மாட்டுவண்டியில் வந்த தண்ணீரையுமே நம்பியிருந்தார்கள். அந்த வண்டிகளின் நினைவு ‘கிரேத்தா ஆயர்’ என்ற வட்டாரப் பெயரில் இன்னும் இருக்கிறது.

தண்ணீர் இருப்பது வேறு, வீட்டுக்கு வந்து சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் இடையிலான வேலையில் பெரும்பங்கு இயந்திரப் பொறியாளருடையது. ஆனால், இயந்திரப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் எங்கே வேலைக்குப் போக ஆசை என்று கேட்டால் விமானம், மின்னியல் சில்லு, தானியங்கி இயந்திரம் என்று பதில் வரும். தண்ணீரைச் சொல்பவர்கள் குறைவு. அது கட்டுமானப் பொறியாளரும் வேதியியல் படித்தவரும் பார்க்கும் வேலை என்ற எண்ணம் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் உண்டு. படிப்பை முடிக்கப்போகும் பிள்ளை உள்ள வீட்டில், இந்தத் துறையையும் ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது.

அழுத்தத்துக்குத்தான் காசு

ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ள சிங்கப்பூருக்கு உரிமை தரும் 1962ஆம் ஆண்டு உடன்பாடு 2061ல் முடிவடைகிறது. இன்று பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் 20 வயது மாணவருக்கு அப்போது 60 வயதை நெருங்கியிருக்கும். அதாவது, அந்த ஆண்டுக்கான ஆயத்தம் முழுவதும் இவர்களின் வேலைக்காலத்துக்குள் நடந்தாக வேண்டும். 2065ல் நாட்டின் தண்ணீர்த் தேவை இப்போதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகலாம் என்று தேசிய நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் கணித்திருக்கிறது.

மழையை நம்பாத இரண்டு வழிகள் நம்மிடம் உள்ளன. ஒன்று, 2003ல் அறிமுகமான புதுநீர். மற்றொன்று கடல்நீரைக் குடிநீராக்குவது. 2005ல் துவாசில் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. 2022ல் ஜூரோங் தீவில் ஐந்தாவது ஆலை செயல்படத் தொடங்கியது.

இந்த ஆலைகளின் மையத்தில் இருப்பது அழுத்தம். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க, அதை மெல்லிய சவ்வின் வழியாக ஏறத்தாழ 60 பார் அழுத்தத்தில் தள்ள வேண்டும். தண்ணீரை 600 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்குச் சமமான அழுத்தம் அது. டக்ஸ்டன் பினாக்கிளின் 50 மாடிக் கட்டடங்களில் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சவ்வுக்குள் போகும் 100 லிட்டர் கடல்நீரில் சுமார் 40 லிட்டர் நன்னீராக வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 லிட்டர் உப்புக் கரைசல். அப்படியானால் ஒரு கன மீட்டர் நன்னீருக்கு இரண்டரை கன மீட்டர் கடல்நீரை 60 பார் அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டும். இழப்பே இல்லாத பம்ப் என்றாலும் அதற்கு 4 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளியேறும் உப்புக் கரைசலில் அந்த அழுத்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் அது வால்வு வழியாக வீணாகிப் போனது. இப்போது அழுத்தமாற்றி என்ற கருவி, அந்த அழுத்தத்தை உள்ளே வரும் புதிய கடல்நீருக்குக் கைமாற்றிவிடுகிறது. இவ்வகைக் கருவிகள் சிலவற்றில் அசையும் பாகம் ஒன்றே ஒன்றுதான்: சுழலும் ஒரு பீங்கான் உருளை. செலவில் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தியது அந்த இயந்திரவியல் யோசனை.

இன்று இங்கே ஒரு கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறத்தாழ 3.5 யூனிட் செலவாகிறது. அதை 2 யூனிட்டாகக் குறைப்பது கழகத்தின் நீண்டகால இலக்கு. இது நம் வீட்டுக் கட்டணத்தோடும் தொடர்புள்ள விஷயம். மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு கன மீட்டரின் விலை 2.74 வெள்ளியாக இருந்தது. அது இரண்டு கட்டமாக உயர்ந்து 2025 ஏப்ரலில் 3.24 வெள்ளியானது. எரிசக்தி, ரசாயனம், கட்டுமானம் ஆகியவற்றின் செலவு கூடியதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இவற்றில் எரிசக்தியைக் குறைக்கும் பொறுப்பு பெருமளவு இயந்திரப் பொறியாளரின் மேசைக்குத்தான் வரும்.

பம்ப் நடத்தும் பாடம்

புதிதாகச் சேரும் பொறியாளருக்கு முதல் ஆசான் பம்ப். கல்லூரியில் அதை ஒரு வளைகோட்டு வரைபடமாகப் பார்த்திருப்பார். ஆலையில் அது சூடாகும், அதிரும், ஒழுகும், சத்தம் போடும்.

கூழாங்கற்கள் உள்ளே உருள்வதுபோல் பம்பிலிருந்து ஓசை வந்தால், உள்ளே கல் எதுவும் இருக்காது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிகளாகிறது என்று பொருள். அந்தக் குமிழிகள் உடையும் வேகத்தில் சுழலியின் உலோகம் அரிக்கப்பட்டுக் குழிகுழியாகும். புத்தகத்தில் இது ஒரு பத்தி. பல ஆண்டுகள் ஆலையில் வேலை பார்த்த தொழில்நுட்பர் ஒருவர் கதவைத் திறக்கும்போதே அந்த ஓசையைக் கேட்டுச் சொல்லிவிடுவார்.

இன்னொரு பாடம் வேகக் கணக்கு. பம்பின் சுழற்சி வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகும் என்று பாடநூல் சொல்கிறது. வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்சக்தி மாறுவதே காரணம். நீளமான சமதளக் குழாயில் இது ஏறக்குறைய சரிவரும். ஆனால் தண்ணீரை உயரமான தொட்டிக்கு ஏற்றும்போது இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. உயரத்தைத் தாண்டும் அளவுக்கு வேகம் இல்லையென்றால், பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மேலே போகாது. சூத்திரம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிவதே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கிடைக்கும் உண்மையான கல்வி.

உலோகமும் பாடம் நடத்தும். நம் சமையலறையில் ஆண்டுக்கணக்கில் பளபளக்கும் எவர்சில்வர், கடல்நீரில் ஊசித்துளை விழுந்து வீணாகும். அதனால்தான் கடல்நீர் ஆலைகளில் விலையுயர்ந்த உலோகக் கலவைகளையும் கண்ணாடி இழைக் குழாய்களையும் பயன்படுத்துகிறார்கள். கழிவுநீர்ப் பக்கம் வேறு விதமான தொல்லை. வீட்டுக் கழிவறையில் போடும் வெட் டிஷ்யூ கரையாமல் கயிறாகத் திரிந்து பம்பின் சுழலியைச் சுற்றிக்கொள்ளும். அதை யாரோ ஒருவர் திறந்து எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரின் கழிவுநீர் கூடுமானவரை தானாக ஓடும்படி ஆழ்சுரங்கம் அமைத்திருக்கிறார்கள். முதற்கட்டமாக 2008ல் முடிந்த சுரங்கம் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர். சரிவில் தானாக ஓடுவதால் வழியில் இருந்த பல பம்ப் நிலையங்கள் தேவைப்படவில்லை. ஆனால் கடைசியில், பல மாடி ஆழத்திலிருந்து எல்லாவற்றையும் மேலே ஏற்ற சாங்கியில் பம்புகள் இருந்தாக வேண்டும். வழி நெடுகப் பல இடங்களில் இருந்த பொறுப்பு ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. அங்கே பராமரிப்புத் தவறினால் பாதிப்பும் அதே அளவுக்குப் பெரிது.

எந்த வாசல் வழியாக நுழைவது?

இத்துறைக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் கற்றுக்கொள்வது வேறு.

முதலாவது, ஆலைகளை நடத்தும் அமைப்பு. பொதுப் பயனீட்டுக் கழகமும், கழகத்துடன் நீண்டகால ஒப்பந்தம் செய்து ஆலை நடத்தும் தனியார் நிறுவனங்களும் இதில் அடங்கும். ஓர் இயந்திரத்தை அது வந்த நாள் முதல் தேய்ந்து கழியும் நாள்வரை பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் கிடைக்கும். எது பழுதாகும், ஏன் பழுதாகும் என்பது கைவசப்படும்.

இரண்டாவது, கட்டுமானக் குத்தகை நிறுவனம். பம்ப், குழாய், வால்வு எல்லாவற்றையும் பொருத்தி, முதன்முதலாக ஓடவிட்டுச் சோதிக்கும் கட்டம் மிகக் கடினமானது. அதே நேரத்தில் மிக வேகமாகக் கற்றுத்தருவதும் அதுதான். வேலை நேரம் மட்டும் நம் கையில் இருக்காது.

மூன்றாவது, ஆலோசனை நிறுவனம். வரைபடமும் கணக்கும் இங்கே பிரதானம். எத்தனை பம்ப், என்ன அளவு, ஒன்று நின்றால் மாற்று எது என்று தீர்மானிப்பவர்கள் இவர்கள். ஆலையில் கை அழுக்காகாமல் நேரே இங்கே வருபவர், பழுதுபார்க்க ஆள் நுழைய இடமே இல்லாத பம்ப் அறையை வரைந்துவிடும் அபாயம் உண்டு.

நான்காவது, பம்ப், வால்வு, சவ்வு போன்றவற்றைத் தயாரித்து விற்கும் நிறுவனம். ஒரே வகை இயந்திரத்தை நூறு இடங்களில் பார்க்கலாம். பல நாடுகளுக்குப் பயணம் செய்யும் வாய்ப்பும் கிடைக்கலாம்.

நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதற்கு இத்துறையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஹைஃபிளக்ஸ் ஒரு காலத்தில் சிங்கப்பூர் நீர்த்துறையின் பெருமையாகப் பேசப்பட்டது. முதல் இரண்டு கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் பின்னால் இருந்த நிறுவனம் அது. 2018ல் கடன் நெருக்கடியால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2021ல் அதைக் கலைக்க உத்தரவானது. சேமிப்பை அதில் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன. அதன் துவாஸ்பிரிங் கடல்நீர் ஆலையைப் பொதுப் பயனீட்டுக் கழகம் 2019 மே மாதம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உரிமையாளர் மாறினாலும் ஆலையை ஓட்டத் தெரிந்தவர்களின் தேவை மாறவில்லை. நிறுவனம் கைவிட்டாலும் கைத்தொழில் கைவிடாது.

படிப்புப் பாதை

இத்துறைக்கு ஒரே ஒரு பாதைதான் என்றில்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் இயந்திரவியல் படித்தவர் பராமரிப்புத் தொழில்நுட்பராகத் தொடங்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம் பெற்றவர் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, பிறகு பகுதிநேரமாகவோ முழுநேரமாகவோ பட்டம் படிக்கலாம். இப்படி வந்தவர்களுக்கு இயந்திரத்தைத் தொட்டுப் பழகிய அனுபவம் ஏற்கெனவே இருக்கும். நீர்த்துறையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் பாய்மவியல், வெப்ப இயக்கவியல், பொருளறிவியல், அதிர்வியல் ஆகிய நான்கையும் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடக்கூடாது. மின்மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவிகள் பற்றிய அடிப்படையும் வேண்டும். இன்று பம்புகளின் அதிர்வு, வெப்பம், மின்னோட்டம் எல்லாம் உணர்கருவிகள் வழியாகக் கணினித் திரைக்கு வருகின்றன. அந்த எண்களைப் படித்து, பேரிங் தேய்கிறதா, தண்டு நேராக இல்லையா, அடித்தளம் தளர்ந்துவிட்டதா என்று பிரித்துச் சொல்பவர்தான் தேவை. தரவைக் கையாளத் தெரிந்த இளையருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் திரையில் வரும் எண்ணை நம்பலாமா என்று சந்தேகப்பட, இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற அனுபவம் வேண்டும்.

வேலைப் பயிற்சிக்கு இடம் தேடும்போது, குளிரூட்டிய அலுவலகத்தைவிட ஆலையைக் கேட்டு வாங்குவது நல்லது. ஒரு பம்பைப் பிரித்துத் திரும்பப் பூட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், நேர்முகத் தேர்வில் பேசும் விதமே வேறாக இருக்கும்.

வேலையில் சேர்ந்த பிறகு அடுத்த இலக்காகப் பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளர் தகுதியை வைத்துக்கொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட பட்டம், இரண்டு தேர்வுகள், நான்கு ஆண்டு நடைமுறை அனுபவம் ஆகியவை அதற்கு வேண்டும். எனவே முதல் நாளிலிருந்தே செய்த வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதிவருவது, நான்காம் ஆண்டில் பெரிதும் கைகொடுக்கும்.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த வேலையின் கடினமான பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தண்ணீருக்குத் தீபாவளி, சீனப் புத்தாண்டு என்று விடுமுறை கிடையாது. முறைமாற்று வேலையும் நள்ளிரவுத் தொலைபேசி அழைப்பும் வரும். கழிவுநீர் ஆலையின் வாடை முதல் சில வாரங்கள் உடையோடு வீட்டுக்கும் வரும். வேலையைச் சரியாகச் செய்தால் வெளியே யாருக்கும் தெரியாது. தவறினால் மட்டுமே செய்தியாகும்.

ஆபத்தும் உண்டு. 2024 மே மாதம் சுவா சூ காங் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைச் சுவாசித்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். மேலும் இருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அழுகிய முட்டை நாற்றம் கொண்ட வாயு அது. ஆனால் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் நின்றதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக்கூடாது. மூடிய இடத்துக்குள் நுழைவதற்கு முன் வாயுவை அளப்பது, வெளியே ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரையும் இறக்காதது ஆகியவை காகிதச் சடங்குகள் அல்ல. பட்டம் வாங்கிய இளம் பொறியாளர் ஒருநாள் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வருவார். அவருடைய கையெழுத்தை நம்பித்தான் தொழிலாளி ஏணியில் இறங்குவார். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து பிழைப்பவர்கள். அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே ஆபத்தை விளக்கக்கூடிய தமிழ்ப் பொறியாளர் ஒருவர் அங்கே இருப்பது பெரிய காரியம்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் வெளியாகும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு முடிவுகளைப் பார்த்து வீட்டில் பேசலாம். நிதித்துறையில் சேரும் நண்பரோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் மனம் சற்றுச் சுருங்கக்கூடும். இத்துறையில் அனுபவம் சீக்கிரம் காலாவதியாவதில்லை என்பதையும் அந்தத் தராசில் வைக்க வேண்டும். மென்பொருள் கருவிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறலாம். தண்ணீரின் எடை மாறாது.

நேர்முகத் தேர்வில் கேளுங்கள்

கேள்வி கேட்பது அவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். முடிவில் நீங்களும் சிலவற்றைக் கேட்கலாம். முதல் ஆண்டில் எந்தெந்த இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கும்? புதிய இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிக்கும் குழுவில் நான் இருப்பேனா? யார் எனக்கு வழிகாட்டுவார். அவர் தொழில்முறைப் பொறியாளரா? மூடிய இடங்களில் வேலை செய்வதற்கான பயிற்சி எப்போது தருவீர்கள்? இரவு அழைப்பு மாதத்தில் எத்தனை முறை வரும்? பதில்கள் மழுப்பலாக இருந்தால், சம்பளம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் யோசியுங்கள். முதல் மூன்று ஆண்டுகளில் எத்தனை இயந்திரங்களின் பக்கத்தில் நின்றோம் என்பதே அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கும்.

பிள்ளைகளுக்கு இத்துறையைக் காட்ட நினைக்கும் பெற்றோர், வரும் வாரயிறுதியில் மரினா அணைக்கட்டுக்குப் போகலாம். கூரையில் பட்டம் விடுவதோடு திரும்பிவிடாமல், பம்ப் நிலையத்தையும் காட்டுங்கள். கடல்மட்டம் தாழ்ந்திருக்கும்போது கனமழை பெய்தால், அங்குள்ள ஒன்பது எஃகுக் கதவுகளும் தாழ்ந்து மழைநீரைக் கடலுக்குள் விடும். கடல் பொங்கியிருக்கும்போது மழை பெய்தால் கதவுகளைத் திறக்க முடியாது. அப்போது ஏழு பம்புகள் வேலையில் இறங்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர். ஏழும் சேர்ந்தால் ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றை ஒன்பதே நொடியில் காலியாக்கிவிடும்.

ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அந்த பம்புகள் சும்மா நிற்கின்றன. தேவைப்படும் நாள் எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்த நாளில் பொத்தானை அழுத்தியதும் ஓடுவதற்காக, மற்ற எல்லா நாள்களிலும் யாரோ ஒருவர் அவற்றை ஓடவிட்டுப் பார்த்து, எண்ணெய் மாற்றி, அதிர்வை அளந்து குறித்துவைக்கிறார். தாழ்வான பகுதிகளில் கடை வைத்திருப்பவர்களும் வீடு உள்ளவர்களும் மழை நாளில் நிம்மதியாகத் தூங்குவது அவரை நம்பித்தான். உங்கள் பிள்ளை செய்யக்கூடிய வேலை அது.